வடம் யார் கையில்? ஒரு நாட்டுக்கு விளையாட்டு என்ன செய்கிறது

அக்டோபர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மலேசியாவில் தேசிய விளையாட்டு நாள். 2015இல் தொடங்கியது. காலையிலேயே திடல்களில் ஏரோபிக்ஸ், நடை, சைக்கிள், இலவச டி-சட்டை, அப்புறம் ஒரு மேடை. அந்த மேடையில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு வரியைச் சொல்லாமல் இறங்குவதில்லை: விளையாட்டு நம் எல்லாரையும் ஒன்றிணைக்கிறது.

அதே நாள் சாயங்காலம் மாமாக் கடையில் உட்கார்ந்தால் இதற்கு நேர் எதிரான வரி காதில் விழும். “வெறும் விளையாட்டுதானே, இதுக்கு எதுக்கு இத்தனை மில்லியன்?”

இரண்டு வரிகளுமே பாதிக்குப் பாதி சரி. முதல் வரி சொல்கிறவர், பந்தை உருட்டிவிட்டால் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று நம்புகிறார். இரண்டாம் வரி சொல்கிறவரோ, மறுநாள் இரவு மலேசியா ஆடும்போது அதே கடையில் நாற்காலி பிடிக்க முதல் ஆளாக வந்து நிற்பார். ‘வெறும்’ விளையாட்டு என்றால் ஏன் வருகிறார்? அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். சமூகவியல் படித்திருக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ சில ஆட்டங்களைக் கூட்டத்தோடு பார்த்திருந்தால் போதும்.

முதலில் ஒரு தேர்

ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்பது நம் பேச்சில் ஊறிப்போனது. அதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விளையாட்டைப் புரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

தேருக்குத் தானாக நகரும் சக்தி கிடையாது. அதற்கென்று ஒரு நாள் குறிக்கிறார்கள். அந்த நாளில் ஊரே ஒரு தெருவில் நிற்கிறது. எல்லாரும் ஒன்றையே பார்க்கிறார்கள், ஒரே மூச்சில் இழுக்கிறார்கள். நேற்றுவரை பேசாத பங்காளிகள்கூட ஒரே வடத்தைப் பிடித்திருப்பார்கள். இது ஒரு பக்கம்.

மறுபக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சில ஊர்களில், யார் வடம் பிடிக்கலாம் என்ற சண்டை நீதிமன்றம் வரை போய், தேர் ஓடாமலே நின்ற வருடங்கள் உண்டு. தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், எந்தத் தெருவுக்குள் நுழையாது என்பதும் யாரோ எடுத்த முடிவுதான். செலவு யாருடையது, முதல் மரியாதை யாருக்கு என்பதும் அப்படியே. அதாவது, ஊரை ஒன்றாக நிற்கவைக்கிற அதே தேர்தான், ஊரில் யாருக்கு என்ன இடம் என்பதையும் பட்டப்பகலில் காட்டிவிடுகிறது.

விளையாட்டுக்கும் இந்த இரண்டு பக்கமும் உண்டு. ஆகவே கேட்க வேண்டியவை: கூட்டம் எப்படிச் சேர்கிறது? வடம் யார் கையில்? செலவு யாருடையது? தேர் எந்தத் தெருவுக்கு வருவதில்லை?

கூட்டம் எப்படிச் சேர்கிறது

2012 ஆகஸ்ட் 5. லண்டன் ஒலிம்பிக், ஆண்கள் பூப்பந்து இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய், மறுபக்கம் சீனாவின் லின் டான். முதல் செட் 21–15, நமக்கு. இரண்டாவது 10–21. மூன்றாவது செட்டில் 19–19 வரை வந்து, 19–21 என்று கை நழுவியது. மலேசியா இன்றுவரை ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை. அந்த இரவு இரண்டு புள்ளி தூரத்தில் இருந்தது.

இப்படிப்பட்ட இரவில் ஒரு மாமாக் கடையைப் பார்த்திருப்பீர்கள். பெரிய திரை, பிளாஸ்டிக் நாற்காலிகள் சாலை ஓரம் வரை. ரொட்டி சானாய் வீசுகிறவர் மாவைக் கையில் வைத்தபடி திரையைப் பார்த்து நிற்பார், கல்லில் போட்டது கருகும், யாரும் கேட்கமாட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் பெயர் தெரியாது, மதம் தெரியாது, அவர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது தெரிந்தால் ஒருவேளை பேசவே பிடிக்காது. ஆனால் இறகுப்பந்து கோட்டுக்கு வெளியே விழும்போது இருவர் வாயிலிருந்தும் ஒரே சத்தம் வரும்.

இங்கே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது: கற்பிதச் சமூகம். நேரில் பார்க்காத, பெயர்கூடத் தெரியாத லட்சக்கணக்கான பேரும் நானும் ஒரே கூட்டம் என்று மனத்தால் எண்ணிக்கொள்வதுதான் அது. மூன்று கோடிக்கு மேற்பட்ட மலேசியர்களில் நமக்கு முகம் தெரிந்தவர்கள் சில நூறு பேர் இருப்பார்களா? மற்றவர்களெல்லாம் எண்ணத்தில்தான் இருக்கிறார்கள். கற்பிதம் என்றதும் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாரும் சேர்ந்து எண்ணுவதால் நிற்கிற உண்மை அது.

இந்த எண்ணத்தைக் கொடியும் பாடப்புத்தகமும் உண்டாக்கலாம். ஆனால் விளையாட்டு அளவுக்கு வேகமாக எதுவும் செய்வதில்லை. காரணம், எனக்குத் தோன்றுவது இதுதான்: முடிவு தெரியாது. சுதந்திர தின அணிவகுப்பில் அடுத்து யார் வருவார்கள் என்று பட்டியலே இருக்கும். அரை மணி நேரத்தில் கைப்பேசியை எடுத்துவிடுவோம். ஆட்டத்தில் அடுத்த நொடி என்ன ஆகும் என்பது பிரதமருக்கும் தெரியாது, ரொட்டி போடுகிறவருக்கும் தெரியாது. அந்த விஷயத்தில் இருவரும் சமம். ‘மலேசியா’ என்ற பெரிய, கண்ணுக்குத் தெரியாத ஒன்று, வியர்த்து ஓடுகிற ஒரு மனிதராகவோ பதினொரு பேராகவோ கண்முன் நிற்கிறது. விதியும் எளிது. பந்து வலைக்குள் போனதா இல்லையா என்பதற்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியதில்லை.

2010 டிசம்பரில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆசியான் காற்பந்துக் கிண்ண இறுதி, இந்தோனேசியாவுக்கு எதிராக. புக்கிட் ஜாலிலில் நடந்த முதல் ஆட்டத்தில் 3–0 வெற்றி, ஜகார்த்தாவில் 1–2 தோல்வி, மொத்தக் கணக்கில் 4–2. பயிற்றுநர் கே. ராஜகோபால். அரசாங்கம் டிசம்பர் 31ஐப் பொது விடுமுறையாக அறிவித்தது. பந்து ஆடியதற்கு நாடே லீவு. அறிவிப்பு வந்ததும் நொந்துகொண்ட முதலாளிகளும் இருந்திருப்பார்கள், அது வேறு. பண்டிகைகளுக்கும் சுதந்திர நாளுக்கும் கிடைக்கிற இடம் நாட்காட்டியில் ஒரு காற்பந்து வெற்றிக்கும் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: விளையாட்டு யாருடைய மனத்தையும் மாற்றவில்லை. ஒரே நேரத்தில் ஒரே திசையில் பார்க்கவைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நாட்டுக்கு அப்படிப்பட்ட நேரங்கள் அதிகம் வாய்ப்பதில்லை.

வடம் யார் கையில்

1975இல் உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தது. மலேசியா நெதர்லாந்தை 2–1 என்று தோற்கடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. அங்கே எதிரே நின்றது இந்தியா. மலேசியக் குழுவின் தலைவர் என். ஸ்ரீ சண்முகநாதன். கூடவே எம். மகேந்திரன், பூன் ஃபூக் லோக், வோங் சூன் ஹின். கூடுதல் நேரம் வரை போய் இந்தியா 3–2 என்று வென்றது. பிறகு மெர்டேக்கா அரங்கத்தில் பாகிஸ்தானையும் வென்று கிண்ணத்தை எடுத்துப் போனது. மலேசியா நான்காம் இடம்.

அந்த அரையிறுதியில் கோலாலம்பூர்த் தமிழர்கள் யார் பக்கம் இருந்திருப்பார்கள்? அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் பதில் வீட்டுக்கு வீடு மாறும். அப்பா இந்தியா பக்கம், மகன் மலேசியா பக்கம் என்று ஒரே வரவேற்பறையில் இரண்டு கட்சி.

இந்த விஷயத்தைத்தான் 1990இல் இங்கிலாந்து அரசியல்வாதி நார்மன் டெபிட் பெரிய சர்ச்சையாக்கினார். குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் அவர்களுடைய விசுவாசம் தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். ‘கிரிக்கெட் சோதனை’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பலபேர் இன்றும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கைதட்டுவது உறுதிமொழிப் பத்திரம் அல்ல. கிள்ளானில் இருக்கிற ஒரு பையன் ஐபிஎல் நேரத்தில் சென்னைக்கும் மலேசியா ஆடும்போது ஹரிமாவ் மலாயாவுக்கும் தொண்டை கிழியக் கத்துவான். இரண்டும் மஞ்சள் சட்டைதான், செலவு மிச்சம். அவன் வரி கட்டப்போவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப்போவதும் இந்த நாட்டில்தான். பாட்டி ஊர் மேல் பாசம் இருப்பதால் பிறந்த ஊர் மேல் இருக்கும் பாசம் குறைந்துவிடாது.

உண்மையான சோதனை மறுபக்கத்தில் இருக்கிறது. பார்வையாளர் நாட்டை ஏற்றுக்கொண்டாரா என்பதைவிட, ஆடுகிறவரை நாடு ஏற்றுக்கொண்டதா என்று கேட்கலாம். 2021இல் சுதிர்மான் கிண்ணப் பூப்பந்து அரையிறுதியில் எஸ். கிசோனா ஜப்பானிடம் தோற்றபோது, அரசியல் கட்சி ஒன்றின் தொகுதிப் பொறுப்பாளர் அவரை இனத்தைச் சுட்டும் இழிசொல்லால் எழுதினார். 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் இந்த நாட்டுக்காகத் தங்கம் வென்றவர் கிசோனா. எல்லா இனத்தவரிடமிருந்தும் கண்டனம் வந்தது, எழுதியவர் மன்னிப்பும் கேட்டார். வென்றால் மலேசியர், தோற்றால் இந்தியர் என்ற கணக்கு நம் ஊரில் மட்டும் இல்லை. பிரான்ஸ், இங்கிலாந்து காற்பந்து வீரர்களும் இதைப் பட்டவர்கள்தான். கண்டித்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது. வெற்றி நாளில் இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. தோற்ற நாளில்தான் தெரியும்.

சட்டப்படி யார் நம் ஆள் என்பது இன்னொரு கதை. காற்பந்தில் அதற்குத் தகுதி விதி என்று ஒன்று உண்டு. ஒரு நாட்டுக்காக ஆட அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். அதோடு அவரோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அவர் பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 2025 ஜூனில் புக்கிட் ஜாலிலில் மலேசியா வியட்நாமை 4–0 என்று வென்றபோது அரங்கமே அதிர்ந்தது. செப்டம்பரில் ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி பிறப்பிட ஆவணங்கள் போலியாகத் திருத்தப்பட்டவை என்று சொல்லி, அவர்களை 12 மாதம் தடை செய்து, காற்பந்துச் சங்கத்துக்கும் அபராதம் விதித்தது.

இதை ஊழல் செய்தியாக மட்டும் படித்தவர்கள் உண்டு. தமிழர்கள் படித்தபோது இன்னொரு விஷயமும் உறுத்தியது. தாத்தா இங்கே ரப்பர் வெட்டியவர், அப்பா இங்கேயே பிறந்தவர், தானும் இங்கேயே பிறந்து, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு குடியுரிமைக்காக அலைகிற நம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்திரம் கிடைக்கவில்லை. கோல் அடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பத்திரம் வேகமாகக் கிடைத்தது. ஒரு நாடு தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அறிய விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கலாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

பாரம்பரியமும் புதிதாகச் செய்வதுதான்

சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடலாம். செப்பாக் தக்ராவ் என்றால் பழங்கால மலாய் விளையாட்டு என்று படித்திருப்போம். பிரம்புப் பந்தை வட்டமாக நின்று காலால் தட்டி மேலேயே வைத்திருப்பது நிஜமாகவே பழையது. ஆனால் நடுவில் வலை கட்டி, பூப்பந்துத் திடல்போல் கோடு போட்டுப் புள்ளி எண்ணுவது 1945 வாக்கில் பினாங்கில் வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர் ஹமிட் மைடின். 1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டில் அது போட்டியாகவே சேர்ந்துவிட்டது. இருபதே ஆண்டில் தெருவோர யோசனை ஒன்று தேசிய அடையாளம். ஒரு நாட்டின் பண்பாடு ஆதியிலிருந்து அப்படியே வருவதாக நினைக்கிறோம். பாதி, நம் தாத்தா காலத்தில் யாரோ வலை கட்டிப் பார்த்ததுதான்.

தேர்ச் செலவு

மலாயா சுதந்திரம் அறிவித்த இடம் நாடாளுமன்றம் அல்ல, ஒரு விளையாட்டரங்கம். 1957 ஆகஸ்ட் 31 காலை துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று முழங்கிய மெர்டேக்கா அரங்கம் அதற்காகவே கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டு அங்கே மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் தொடங்கியது. ஆசிய நாடுகள் வந்து ஆடின. நாட்டின் முதல் பிரதமரான துங்குவே காற்பந்துச் சங்கத்தின் தலைவரும், 1958 முதல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும். தற்செயல் இல்லை. புதிதாகப் பிறந்த நாட்டைப் படைபலம் காட்டி அறிமுகப்படுத்த முடியாது. பத்து நாட்டுக்காரர்களை அழைத்து ஆடவைத்து, நல்லபடியாகக் கவனித்து அனுப்பினால் பெயர் தானாகப் பரவும். இதற்கு மென்வலிமை என்று பெயர்: மிரட்டாமல், காசு கொடுக்காமல், மதிப்பையும் விருப்பத்தையும் உண்டாக்கி மற்ற நாடுகளிடம் செல்வாக்கு பெறுவது.

1998 காமன்வெல்த் விளையாட்டு அதன் பெரிய வடிவம். ஆசியாவில் முதல் முறை, கோலாலம்பூரில். புக்கிட் ஜாலில் அரங்கம் அதற்காக எழுந்தது. ஆசியப் பொருளாதார நெருக்கடியின் நடுவில், நாங்கள் சமாளித்துவிட்டோம் என்று உலகுக்குக் காட்டும் ஏற்பாடும் அது. ஆனால் அதே செப்டம்பரில் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அன்வார் இப்ராஹிம், விளையாட்டின் நிறைவு விழாவுக்கு முந்தின நாள், எலிசபெத் அரசியார் கோலாலம்பூரில் இருக்கும்போதே கைதானார். மெர்டேக்கா சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். உலகப் பத்திரிகைகள் விளையாட்டைப் பார்க்க அனுப்பிய செய்தியாளர்கள் சீர்திருத்தப் போராட்டத்தையும் எழுதினார்கள். விளக்கைப் பெரிதாகப் போட்டால் மறைக்க நினைத்ததிலும் வெளிச்சம் படும்.

பணக் கணக்கைப் பார்ப்போம். 1964இல் இளைஞர் விளையாட்டு அமைச்சு, 1971 சட்டத்தால் தேசிய விளையாட்டு மன்றம் என்று அரசு இதில் முழுசாக இறங்கிவிட்டது. ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 லட்சம் ரிங்கிட், அதோடு மாதம் 5,000 ரிங்கிட் ஓய்வூதியம் என்பது அறிவிக்கப்பட்ட பரிசு. இதில் எனக்குக் குறையில்லை. இருபது வயதில் முழங்காலைக் கொடுத்தவருக்கு ஐம்பது வயதில் சாப்பாடு வேண்டும். ஆனால் பதக்கத்தை எண்ணுவது சுலபம், தொலைக்காட்சியிலும் வரும். ஆகவே அரசின் கண் அங்கேயே நிற்கிறது. விளையாட்டுச் சங்கங்களின் தலைமையில் அரசியல்வாதிகளும் அரச குடும்பத்தினரும் அமர்ந்திருப்பதும் பழைய வழக்கம். முதல் மரியாதை விஷயம்தான். பூர்ண கும்பம் மட்டும் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு நாடு விளையாட்டுக்குச் செலவு செய்வது உடம்புக்காக மட்டும் அல்ல. பெயருக்காக, ஓட்டுக்காக, வெளியுறவுக்காகவும்தான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவே.

தேர் வராத தெரு

கடைசிக் கேள்விதான் நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது.

மலேசியத் தமிழர்கள் கூடும் இடத்தில் அடிக்கடி கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. “அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க எத்தனை பேர் இருந்தாங்க!” பட்டியல் நிஜமாகவே நீளம். 1966 ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் ஓடி வாங்கிய டாக்டர் எம். ஜெகதீசன். 1968இல் அவர் 200 மீட்டரில் வைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய எம். ராஜமணி. காற்பந்தில் எம். சந்திரன்; ‘ஸ்பைடர்மேன்’ என்று ஊரே கூப்பிட்ட கோல் காவலர் ஆர். ஆறுமுகம். ஹாக்கியில் சொல்லவே வேண்டாம்.

இப்போது ஏன் குறைந்துவிட்டது என்று கேட்டால் வரும் பதில், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோம்பல், கைப்பேசி.” சரி, கைப்பேசி எல்லா இனத்துப் பிள்ளைகளிடமும்தானே இருக்கிறது? இதைக் குணத்தில் தேடுவதை விட்டு மண்ணில் தேடினால் விடை கிடைக்கும்.

இங்கே அடித்தட்டு விளையாட்டு என்ற சொல் தேவை. பதக்கம், பயிற்சி முகாம் எதுவும் இல்லாமல், வேலை முடிந்து வந்தவர்களும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் பக்கத்துத் திடலில் ஆடுவது அது. பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

அந்தக் காலத்துத் தமிழனுக்கு அந்தத் திடல் எங்கே இருந்தது? ரப்பர் தோட்டத்தில். கோயில், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம், காற்பந்துத் திடல் என்று இந்த நான்கும் இல்லாத தோட்டம் அரிது. துரைமார் நல்லெண்ணத்தால் கொடுத்தது என்று சொல்லமுடியாது. ஆட்கள் தோட்டத்துக்குள்ளேயே இருக்க அது ஒரு வழி. எதற்காகக் கொடுத்தாலும் திடல் திடல்தான். ரப்பர் பால் நிறுத்து முடிந்து வந்தால் ஆட இடம் இருந்தது, காசு கேட்க ஆள் இல்லை. நகரத்திலோ செந்தூல் ரயில் பட்டறை, பிரிக்ஃபீல்ட்ஸ் குடியிருப்பு, பொதுப்பணி, தொலைத்தொடர்பு, போலீஸ் என்று நம்மவர்கள் அதிகம் வேலை பார்த்த இடங்களுக்குத் திடலும் குழுவும் இருந்தன. ஹாக்கி தெரிந்தால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் ஹாக்கி ஆட நேரம் கிடைக்கும். இதற்கு மேல் ஆங்கிலப் பள்ளிகளில் பரந்த புல்வெளியும் கண்டிப்பான விளையாட்டு ஆசிரியர்களும்.

1970களுக்குப் பிறகு இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தோட்டங்கள் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாற, ஆட்கள் நகர ஓரத்துப் புறம்போக்கிலும் அப்புறம் மலிவு விலை அடுக்குமாடியிலும் வந்து சேர்ந்தார்கள். அடுக்குமாடிக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அரசுத் துறைகளில் நம்மவர் எண்ணிக்கை குறைந்தது. துறைக் குழுக்களும் கலைந்தன. தமிழ்ப்பள்ளிகளில் பல, நூற்றைம்பது மாணவர்கூட இல்லாத குறைந்த மாணவர் பள்ளிகள். சிலவற்றுக்குத் திடலே கிடையாது. எண்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் பதினொரு பேர் குழு, மாற்று ஆட்டக்காரர், ஓட்டப்பந்தயக் குழு எல்லாம் சேர்ப்பது எப்படி? ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவனே காற்பந்துக்கும் ஓடுவான், நாலு தர நூறுக்கும் ஓடுவான், சதுரங்கத்துக்கும் உட்காருவான். 2011இல் ‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்ற கொள்கை வந்தது. அந்தப் பள்ளியில் அது ஒரு மாணவர் ஐந்து விளையாட்டு.

ஆனாலும் அந்தப் பள்ளிகளின் விளையாட்டு விழாவைப் போய்ப் பாருங்கள். பக்கத்துப் பள்ளித் திடலையோ ஊராட்சித் திடலையோ கேட்டு வாங்கியிருப்பார்கள். வள்ளுவர் இல்லம் சிவப்பு, பாரதி இல்லம் நீலம் என்று கூடாரம். பெற்றோர் முந்தின இரவு பத்து மணி வரை தென்னங்கீற்றும் கலர்த் தாளும் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் மைலோ வண்டி, சின்னக் காகிதக் கோப்பையில் ஐஸ்போல் சில்லென்ற மைலோ. இரண்டாவது கோப்பைக்கு முகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வரிசையில் நிற்கிற பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு, எந்த இனமானாலும். அப்புறம் அம்மாக்களுக்கான ஓட்டம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டியதும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். பண்பாட்டில் விளையாட்டின் இடம் என்று மேடையில் பேசுவதெல்லாம் இங்கே கைக்கு எட்டும் தூரத்தில் நடக்கிறது. என்ன, செய்தியில் வராது.

குழு அமைத்துத் தாக்குப்பிடிக்கவும் முயன்றிருக்கிறோம். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழு 2017இல் மலேசியாவின் இரண்டாம் நிலைப் போட்டியான பிரிமியர் லீக்கில் ஆடியது; பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை ஏறி, 2022 பருவம் முடிந்ததும் விலகிக்கொண்டது. நம் பிள்ளைகளைக் கண்டெடுத்து மேலே ஏற்றிவிட்ட ஏணி அது. இப்படி இனவாரியாகக் குழு வேண்டுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் பொதுத் திடலில் நுழைய வழி தெரியாத பிள்ளைக்கு முதல் படியை யாராவது போட வேண்டும். அதை யாரும் போடாதபோது சொந்தக்காரன்தான் போடுவான். படியிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்பது அடுத்த பிரச்சினை.

வழி கிடைத்த இடத்தில் ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள். பினாங்கில் வளர்ந்த நிக்கோல் டேவிட், அப்பா இந்தியர், அம்மா சீனர், 2006 முதல் 2015 வரை ஸ்குவாஷில் உலகின் முதலிடத்தை விடாமல் வைத்திருந்தார். எட்டு முறை உலகச் சாம்பியன். அவருக்குப் பிறகு வந்த எஸ். சிவசங்கரி, 2022இல் கார் விபத்தில் கழுத்தில் பலத்த காயம்பட்டு, மீண்டு வந்து ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். பூப்பந்து இரட்டையரில் எம். தீனா, பெர்லி தானுடன் சேர்ந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 2025 உலகப் போட்டியில் இரண்டாம் இடம். ஸ்குவாஷும் பூப்பந்தும் சுவருக்குள் ஆடுகிறவை. அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை: ராக்கெட், ஷூ, வகுப்புக் கட்டணம், கொண்டுபோய் விட ஒரு காடி எல்லாம் வேண்டும்.

காற்பந்துக்கு இதெல்லாம் வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தோம். இன்று கோலாலம்பூரில் சாயங்காலம் பந்து உதைக்க வேண்டுமானால் புட்சால் திடலை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து காசைப் பிரித்துக்கொள்கிறார்கள். வேலைக்குப் போகிறவனுக்குச் சமாளிக்கலாம். பி40 என்கிற, வருமானத்தில் அடிமட்ட 40 விழுக்காட்டுக் குடும்பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாராவாரம் அந்தப் பங்கைக் கொடுக்க முடியாது. அடுத்த ஆறுமுகம் வருவாரா என்று கேட்பவர்கள், தங்கள் தாமானில் பூட்டியிருக்கிற திடலின் சாவி யாரிடம் இருக்கிறது என்று குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்கலாம்.